491.52 கிராமில் முட்டி நின்ற தராசு: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கும் தராசுக்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தது எங்கள் சிறு குழு. போன பருவத்தில் ஆறு நாட்கள் அந்தத் தராசு தப்பான எடை காட்டியது. எடையை மின்னழுத்தமாக மாற்றும் லோடுசெல்லில் பழுதில்லை, வயரில் பழுதில்லை, தண்ணீர்த் தொட்டியிலும் குறையில்லை. பைத்தான் மொழி நிரலிலிருந்து, ரஸ்ட் என்ற இன்னொரு மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷனுக்கு (துணை நிரலுக்கு) பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையுள்ள எண்களை, கைமாற்றும் இடத்தில், அவற்றை எழுத்து என்று நினைத்து ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியால் நல்ல கிழங்கு கொண்டுவந்தவர்களுக்குக் காசு குறைந்தது. என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மீட்க முடிந்தது, எதை முடியவில்லை என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாயிண்ட் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றபோது சேலத்தில் தொடங்கிய தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைக்காரர்கள் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. அதில் மாவு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை. அந்த மாவின் அளவைத்தான் பாயிண்ட் என்கிறார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி முடித்த பிறகு, பாயிண்ட் இறங்கினால் லோடு முழுவதற்கும் பணம் இறங்கும்.

இந்த ஆலையில் அளக்கும் விதம் இது: லோடிலிருந்து 5 கிலோ கிழங்கு எடுத்து எடை போடுவார்கள். அப்புறம் அதே கிழங்கை வலைக்கூடையில் வைத்து, தராசின் அடிக்கொக்கியில் மாட்டி, தொட்டித் தண்ணீரில் முக்கி மறுபடி எடை பார்ப்பார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீரை விடக் கொஞ்சம் அதிகக் கனமானது, அதனால் தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். தண்ணீரில் 540 கிராம் என்றால் அடர்த்தி 5000 ÷ 4460, அதாவது 1.121. 490 கிராம்தான் என்றால் 1.109. அந்த எடைக்கு எத்தனை பாயிண்ட் என்பதைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பார்த்துச் சீட்டில் எழுதுவார்கள். ஆகவே அந்த 50 கிராம்தான் ஒருவருடைய வருட உழைப்பின் விலையை மாற்றுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புகார் வந்த நாள்

முதலில் சொன்னவர் ஒரு பெரியவர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டார்: "ஏந்தம்பி, இதே காட்டுக் கிழங்கு போன வாரம் 28 பாயிண்டு வந்துச்சு. இன்னைக்கு 25ன்னு போட்டிருக்கீங்க. மண்ணு மாறிப்போச்சுங்களா, இல்ல உங்க தண்ணி மாறிப்போச்சுங்களா?"

"மிஷினைப் பார்த்துடறேங்கய்யா" என்றேன்.

கணக்குப்பிள்ளை எங்களுக்காகப் பரிந்து பேசினார். "புது சாப்ட்வேர் போட்டதிலிருந்து தராசு முன்ன மாதிரி ஆடறதில்லைங்க. கூடையை முக்குனா ஒரு செகண்டுல நின்னுடுதுங்க. காலிக் கூடைக்கும் சுத்தமா பூஜ்யம் காட்டுதுங்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த இரண்டு வாக்கியங்களிலேயே நோய் முழுக்க இருந்தது. தண்ணீரில் முக்கிய கூடை ஒரு நொடியில் அடங்காது. 80 முறை ஒரு நொடிக்கு அளக்கும் கருவி காலிக் கூடைக்குச் சும்மா பூஜ்யமும் காட்டாது. 0.1, 0.0, -0.1 என்று கொஞ்சம் துடித்துக்கொண்டேதான் இருக்கும்.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பையிலிருந்து 5 கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தேன்: 5000.0. ஒரு கிலோக் கல்லை வைத்தேன்: 1000.0. மாற்றி மாற்றி வைத்தேன், இம்மி பிசகவில்லை. தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. ஆனால் அன்று என் கையில் கல் இருந்தது, அவர் கையில் சீட்டு மட்டும்தான்.

மறுநாள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள் என்று போன் வந்தது. இரண்டு பேருமே எப்போதும் நல்ல பாயிண்ட் வாங்குகிறவர்கள். சுமாரான கிழங்கு கொண்டுவருபவர்களிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பழுதான தராசு ஆள் பார்த்து அடிக்காது.

ஆறு நாட்களின் தண்ணீர் எடைகளையும் ஒரு நெடுவரிசையில் போட்டு, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். 340-இல் தொடங்கி நெருக்கமாக ஏறிக்கொண்டே வந்தது. 470, 476, 483, 488, 489.9, 490.6, 491.3. அதோடு நின்றது. அப்புறம் ஒரு பெரிய வெற்றிடம். வெற்றிடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டே இரண்டு லோடு: 579.4, 588.3. அதற்கு முந்தைய வாரத்தில் 500-க்கும் 560-க்கும் நடுவே தினமும் லோடு வந்திருக்கிறது. இந்த ஆறு நாட்களில் ஒன்றுகூட இல்லை.

அந்த 579-உம் 588-உம் என்னை அரை நாள் திசை திருப்பின. ஏதோ உச்சவரம்பில் மோதுகிறது என்றால் அந்த இரண்டு மட்டும் எப்படித் தாண்டிப் போயின? கடைசியில் விடையை உறுதி செய்ததும் அந்த இரண்டுதான்.

491-க்கு மேல் என்ன இருக்கிறது?

தராசின் உள்ளே இருப்பது எச்எக்ஸ்711 என்ற சிப். லோடுசெல் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை 24 பிட் எண்ணாக மாற்றித் தரும். 20 கிலோ லோடுசெல்லை வைத்து, ஒரு கிராமுக்கு 200 எண்ணிக்கை வரும்படி போர்டிலேயே சரிசெய்திருக்கிறோம். காலிக் கூடையின் எடையைக் கழிப்பதும் போர்டுதான். பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் எழுதுவதுதான் வழக்கம். இங்கே சாதாரணத் தசம எண்ணிலேயே எழுதுகிறேன், 128 என்ற எல்லை கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஒவ்வோர் அளவையும் போர்டு ஆறு பைட் கொண்ட ஒரு ஃப்ரேமாக அனுப்பும். முதலில் 2. பிறகு எடையின் மூன்று பைட்டுகள், பெரியது முதலில். பிறகு அந்த மூன்றையும் எக்ஸார் செய்த (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் ஒன்று போடும் கணக்கு) செக்சம், அதாவது சரிபார்ப்பு எண். கடைசியில் 3. ஐந்து கிலோ என்றால் 10,00,000. அதை மூன்று பைட்டாகப் பிரித்தால் 15, 66, 64. எனவே ஃப்ரேம் இப்படி வரும்:

2 15 66 64 13 3

தண்ணீரில் 540 கிராம் என்றால் 1,08,000. அதன் ஃப்ரேம்:

2 1 165 224 68 3

இனி 491-ஐப் பாருங்கள். 98,304 என்ற எண்ணை 200-ஆல் வகுத்தால் 491.52. அந்த 98,304 என்பது 65,536 + 32,768. பைட்டாகப் பிரித்தால் 1, 128, 0. அதாவது நடு பைட் 127-இலிருந்து 128-க்கு மாறும் இடம் எதுவோ, அதுதான் தராசு முட்டி நின்ற இடம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த நிமிடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 128 என்றதும் எங்கள் வேலையில் இருக்கும் யாருக்கும் ஒரே ஒரு ஞாபகம்தான் வரும்: ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்துக் குறியீட்டின் எண்கள் 127-உடன் முடிகின்றன.

லாக் கோப்பைத் திறந்து 540 கிராமை ஒட்டிய ஒரு ஃப்ரேமைத் தேடினேன். இருந்தது இது:

2 1 239 191 189 239 191 189 68 3

ஆறு பைட் இருக்க வேண்டிய இடத்தில் பத்து. 239, 191, 189 என்ற மூன்றும் சேர்ந்து வருவதைப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள். யூனிகோடில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்ட ஓர் எழுத்து இருக்கிறதே, "இங்கே ஏதோ இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பதற்கான மாற்றெழுத்து, யூடிஎஃப்-8 முறையில் (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) அதன் வடிவம் அது. யாரோ ஒருவர் பைட்டை எழுத்தாகப் படிக்க முயன்று, முடியாமல், அந்த இடத்தில் இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த யாரோ நாங்கள்தான்.

அந்த வரி எப்படி வந்தது?

பழைய தராசு இண்டிகேட்டர் எடையை எழுத்தாகவே அனுப்பும். குறி, இலக்கங்கள், கேஜி, வரிமுறிவு. அதற்காக எழுதிய ரஸ்ட் எக்ஸ்டென்ஷனின் ஃபங்ஷன் ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) வாங்கிக்கொண்டது. அன்றைக்கு அது நியாயமான முடிவு. பத்து மணி நேரத்தில் 28,80,000 ஃப்ரேம் வரும் புதிய போர்டுக்கு மாறியபோது ஃபங்ஷனின் உட்புறத்தை மாற்றி எழுதினோம், வாசலை அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் லைப்ரரி தருவது பைட்ஸ், எக்ஸ்டென்ஷன் கேட்பது ஸ்ட்ரிங். எனவே முதல் ஓட்டத்திலேயே வகை பொருந்தவில்லை என்று பைத்தான் மறுத்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, யூடிஎஃப்-8 என்று டீகோட் செய்து (பைட்டை எழுத்தாக்கி) அனுப்பினான். காலிக் கூடையை வைத்ததும் டீகோட் பிழை வந்தது. டீகோடுக்கு "ரிப்ளேஸ்" என்ற விருப்பத்தைச் சேர்த்தான், படிக்க முடியாத பைட்டுக்குப் பதில் அந்த மாற்றெழுத்தை வைக்கச் சொல்வது அது. அதோடு எல்லாச் சத்தமும் அடங்கியது. கல்லை வைத்துப் பார்த்தோம், சரியாக வந்தது. "அண்ணா, ஓடுது" என்றான். நான் அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்து ஒப்புதல் போட்டேன். எனவே இதை அவன் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை.

2008-இல் பைத்தான் 3 வந்தபோது எழுத்தையும் பைட்டையும் இரண்டு வேறு வகையாகப் பிரித்தார்கள். ரஸ்ட்டில் ஸ்ட்ரிங் என்றால் அது முறையான யூடிஎஃப்-8 ஆக இருந்தே தீர வேண்டும். இரண்டு மொழிகளும் தங்கள் தங்கள் வாசலில் காவல் போட்டு வைத்திருக்கின்றன. அந்த இரண்டு காவலும் எங்களை நிறுத்திக் கேட்டன. இரண்டு முறையும் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேள்வி எழாதபடி வழி பண்ணிக்கொண்டோம்.

கல் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? ஐந்து கிலோ 15, 66, 64. ஒரு கிலோ 3, 13, 64. ஆறு பைட்டுகளும் 128-க்குக் கீழே. இரைச்சலால் கடைசி பைட் முப்பது நாற்பது கூடினாலும் குறைந்தாலும் 128-ஐத் தொடாது. எங்கள் பையில் இருந்த இரண்டு கல்லும் இந்தப் பிழையைக் காட்டவே முடியாத கற்கள். அரைக்கிலோக் கல் ஒன்று இருந்திருந்தால், 1, 134, 160 என்று முதல் நாளே தராசு உறைந்திருக்கும். பத்துக் கிலோவும் காட்டியிருக்கும்: 30, 132, 128. இரண்டு கிலோ 6, 26, 128. அது சரியாக எல்லையிலேயே நிற்கிறது, ஃப்ரேமில் ஏறத்தாழப் பாதி விழுந்துகொண்டே இருந்திருக்கும், ஆனால் எடை சரியாகத்தான் தெரியும்.

விழுந்த ஃப்ரேம்களும் உறைந்த எண்ணும்

ரஸ்ட் பக்கத்தில் உள்ள எங்கள் டீகோடர் 2-ஐத் தேடி, அங்கிருந்து ஆறு பைட் எடுத்து, கடைசியில் 3 இருக்கிறதா, செக்சம் சேர்கிறதா என்று பார்க்கும். பத்து பைட்டாக வீங்கிய ஃப்ரேம் இதில் தேறாது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். அதுவரைக்கும் சரியான நடத்தை. எத்தனை தூக்கிப் போட்டோம் என்று எண்ணாமல் விட்டதுதான் குற்றம்.

திரையில் காட்டுவது, தேறிய கடைசி 40 ஃப்ரேம்களின் இடைநிலை மதிப்பு. புதிதாக ஒன்றும் தேறாவிட்டால் பழைய எண் அப்படியே நிற்கும். உண்மை எடை 540 உள்ள கூடையைத் தண்ணீரில் முக்கும்போது அது மேலும் கீழும் ஆடும். ஆட்டத்தில் எடை 480, 490 என்று இறங்கும் கணங்களில் வரும் ஃப்ரேம்கள் தேறுகின்றன, 491.52-க்கு மேல் ஏறும் கணங்களில் வருபவை எல்லாம் விழுகின்றன. ஆட்டம் அடங்கி 540-இல் நின்ற பிறகு ஒன்றுமே தேறாது. எனவே திரையில் நிற்பது, கூடை கடைசியாகத் தாழ்ந்து போனபோது பார்த்த 480 சொச்சமோ 490 சொச்சமோதான். அது அசையாது, பார்ப்பவருக்கு நிலைத்துவிட்டது போல இருக்கும். கணக்குப்பிள்ளை பாராட்டியது அந்த உறைவை. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு துளி இறங்கினாலும் மைனஸ் ஒன்று 255, 255, 255 ஆகிவிடும், அதுவும் விழும். அதனால்தான் காலிக் கூடை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

சுமாரான கிழங்கு 491-க்குக் கீழே நிற்கும், அங்கே நடு பைட் 128-ஐத் தொடாது. கடைசி பைட்டால் சில ஃப்ரேம்கள் விழுந்தாலும் மீதி சரியான எடையையே காட்டும். நல்ல கிழங்குக்கு மட்டும் அடி.

சரி, அந்த 579-உம் 588-உம்? 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் 128-க்கு மேற்பட்ட பைட் எல்லாமே செல்லாதவை அல்ல. 194 முதல் 223 வரை உள்ள பைட்டை அடுத்து 128 முதல் 191 வரை உள்ள பைட் வந்தால், இரண்டும் சேர்ந்து முறையான ஓர் எழுத்து. அப்படி அமைந்த ஜோடியைப் பைத்தானின் டீகோட் எழுத்தாக்கி, ரஸ்ட் பக்கம் மறுபடி பைட்டாக்கும்போது பழைய இரண்டு பைட்டுகளும் சிதையாமல் திரும்பக் கிடைக்கும். நடு பைட் 194-இலிருந்து 223 வரை என்றால் எடை 576.0-இலிருந்து 614.4 கிராம் வரை. 579.4 என்பது 1, 196, 168. 588.3 ஏறத்தாழ 1, 203, 160. இரண்டும் அந்தத் தீவுக்குள் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ நான்கில் ஒரு ஃப்ரேம் பிழைக்கிறது, பிழைத்தது சரியாகவும் இருக்கிறது. வெற்றிடத்தின் இரண்டு கரைகளும் கணக்கோடு பொருந்தியபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

மீட்க முயன்றது

லாக் எழுதியதும் ரஸ்ட் பக்கத்தில்தான், அதாவது சிதைந்த பிறகு. 128 வெவ்வேறு மதிப்புகள் ஒரே மாற்றெழுத்தாகிவிட்டால் திரும்ப வழியில்லை. ஆனாலும் செக்சம் இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை. மூன்று பைட்டில் ஒன்றுதான் தொலைந்தது என்றால், மற்ற இரண்டையும் செக்சத்தையும் எக்ஸார் செய்தால் தொலைந்தது கிடைத்துவிடும்.

ஓர் இரவு முழுக்க இதில் உட்கார்ந்தோம். கிடைக்காது. காரணத்தைச் சொன்னால் எளிமைதான்: நடு பைட் 128-க்கு மேல், கடைசி பைட் 128-க்குக் கீழ் என்றால், எக்ஸாரின் உச்ச பிட்டும் ஒன்றாகிறது. அப்போது செக்சமே 128-க்கு மேல் போய், அதுவும் தொலைகிறது. இரண்டு பைட்டுமே 128-க்கு மேல் என்றால் உச்ச பிட்டுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. செக்சம் பிழைக்கிறது, ஆனால் தொலைந்தது இரண்டு. எப்படிப் பார்த்தாலும் ஒரு சமன்பாடு, தெரியாதது இரண்டு. அருகருகே உள்ள ஃப்ரேம்களை வைத்து நெருங்கலாமா என்றும் பார்த்தோம். அளவுக்கு அளவு வரும் இரைச்சலே அந்த வழியை மூடிவிட்டது.

லாக்கிலிருந்து உறுதியாக ஒன்றை மட்டும் சொல்ல முடிந்தது. ஃப்ரேமில் 1-ஐ அடுத்து மாற்றெழுத்து வந்து, எடை அங்கேயே நிலைத்திருந்தால், அந்த லோடின் உண்மை எடை 491.52-க்கும் 655.36-க்கும் நடுவே. எந்தெந்தச் சீட்டு தப்பு என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டுவிட்டோம். எவ்வளவு தப்பு என்று சொல்ல முடியவில்லை.

திருத்தம்

மாற்றியது கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

எக்ஸ்டென்ஷனின் வாசல் இப்போது பைட் ஸ்லைஸை மட்டுமே வாங்கும். பைத்தானையும் ரஸ்ட்டையும் இணைக்கும் பைஓ3 லைப்ரரியில் ஃபங்ஷனின் அளபுருவை யு8 (ஒரு பைட்) ஸ்லைஸ் என்று எழுதினால், பைத்தானின் பைட்ஸ் பொருளுக்குள் இருக்கும் நினைவகத்தை நகல் எடுக்காமலேயே ரஸ்ட் படிக்கும். ஸ்லைஸ் என்பது முகவரியும் நீளமும் சேர்ந்தது. நடுவில் பூஜ்யம் வந்தாலும் 255 வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஸ்ட்ரிங்கை யாராவது அனுப்பினால் அந்த இடத்திலேயே நிற்கும்.

சீரியல் போர்ட் ஃப்ரேம் பார்த்துத் தருவதில்லை. நாலு பைட் தரும், பதினோரு பைட் தரும். மிச்சம் விழும் அரை ஃப்ரேமை அடுத்த அழைப்பு வரை வைத்திருக்க வேண்டும். வாங்கிய ஸ்லைஸையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ரஸ்ட் கம்பைலர் விடாது. அந்த நினைவகம் பைத்தானுடையது, அழைப்பு முடிந்ததும் அது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. எனவே அந்த ஐந்தாறு பைட்டை மட்டும் நம் சொந்த வெக்டருக்குள் நகல் எடுத்து வைக்கிறோம். சி மொழியில் எழுதியிருந்தால் கம்பைலர் வாயே திறந்திருக்காது. சுட்டியை வைத்துக்கொண்டு பிறகு படித்தால் சில நாள் சரியாகவும் வரும், ஒரு நாள் குப்பை வரும். சி-யில் இன்னொரு குழியும் உண்டு: நீளம் கேட்காமல் பைட்ஸ் உருவாக்கும் ஃபங்ஷன் முதல் பூஜ்யத்தோடு நின்றுவிடும். பூஜ்யம் காட்டும் காலிக் கூடையின் மூன்று பைட்டும் பூஜ்யம்தான். நீளத்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஃபங்ஷனைத்தான் அங்கே பயன்படுத்த வேண்டும்.

24 பிட்டை 32 பிட்டாக்கும்போது குறி போய்விடக் கூடாது. மூன்று பைட்டையும் மேலே வைத்து, கீழே ஒரு பூஜ்ய பைட் சேர்த்து, குறியுள்ள 32 பிட் எண்ணாக்கி, வலப்பக்கம் 8 பிட் தள்ளுகிறோம். குறியுள்ள எண்ணை வலப்பக்கம் தள்ளும்போது ரஸ்ட் குறி பிட்டையே நிரப்பிக்கொண்டு வரும். 255, 255, 255 மைனஸ் ஒன்றாகவே வருகிறது.

திருப்பித் தரும் பக்கமும் கவனிக்க வேண்டியது. பைஓ3-இன் 0.23 பதிப்புக்கு முன்பு, யு8 வெக்டரைத் திருப்பித் தந்தால் பைத்தான் பக்கம் அது பைட்ஸாக வராது, எண்களின் லிஸ்ட்டாக வரும். ஒரு பைட்டுக்கு எட்டு பைட் சுட்டி. ஒரு நாள் லாக் 17 எம்பி என்றால், லிஸ்ட் 138 எம்பி பிடிக்கும். 0.23-இலிருந்து பைட்ஸாகவே வருகிறது. ஆனாலும் பதிப்பை நம்பாமல் பைபைட்ஸ் (பைஓ3-இல் பைத்தானின் பைட்ஸ் வகை) என்றே வெளிப்படையாக எழுதிவிட்டோம்.

லாக்கை இப்போது பைத்தான் பக்கத்திலேயே, போர்ட்டிலிருந்து வந்ததும் வேறு யாரும் தொடுவதற்கு முன்பு, பைனரியாக எழுதுகிறோம். நொடிக்கு 80 ஃப்ரேமில் எத்தனை தேறியது என்பது எடைக்குப் பக்கத்திலேயே திரையில் தெரியும். 70-க்குக் கீழே போனால் எடையே மறைந்துவிடும். பழைய எண்ணைக் காட்டுவதை விட எண் இல்லாமல் இருப்பது மேல். இது என் முடிவு, இதில் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் வருத்தம்தான்.

சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. 24 பிட் என்றால் மொத்தம் 1,67,77,216 மதிப்புகள். மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. எல்லாவற்றுக்கும் ஃப்ரேம் கட்டி, இஷ்டத்துக்குத் துண்டு போட்டு, பைத்தானிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்கு அனுப்பி, திரும்பி வருவது அதே எண்தானா என்று பார்க்கிறோம். புதிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் இது ஓடுகிறது. ரஸ்ட்டுக்குள் மட்டும் எழுதிய யூனிட் டெஸ்ட்டுகள் எல்லாம் பிழை இருந்த காலத்திலும் பச்சையாகத்தான் இருந்தன, ஏனென்றால் அவை அந்த வாசல் வழியாக வரவில்லை.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்திலும் இதே லைப்ரரிதான் ஓடுகிறது, பழம் எடை போடுவதற்கு. மலை ஏறிப் போய்ப் பார்த்தோம். அங்கே இன்னும் பழைய இண்டிகேட்டர், எழுத்தாகவே அனுப்புகிறது. பாதிப்பில்லை.

சீட்டுகள்

பட்டியலை எடுத்துக்கொண்டு ஆலை முதலாளியிடம் போனேன். கேட்டதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை பேருங்க?" பதினேழு பேர், 23 லோடு. அவர்களில் பெரும்பாலானோர் காட்டில் இன்னும் கிழங்கு பாக்கி இருந்தது. அதைக் கொண்டுவரும்போது திருத்திய தராசில் வரும் பாயிண்ட்டையே முந்தைய லோடுக்கும் போட்டு, வித்தியாசத்தைக் கொடுப்பது என்று முடிவானது. பிடுங்கி முடித்துவிட்டவர்களுக்கு, பேரேட்டில் அதே காட்டுக்குப் போன பருவத்தில் என்ன பாயிண்ட் இருந்ததோ அது. எங்களுக்கு வர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை அந்த வித்தியாசத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னோம், எடுத்துக்கொண்டார்.

பெரியவர் நாலு நாள் கழித்து மிச்சக் கிழங்கைக் கொண்டுவந்தார். நானும் தம்பியும் அங்கே இருந்தோம். என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னேன், அன்று நான் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்து. தலையை ஆட்டிக்கொண்டார். கூடையை முக்கினார்கள். எண் 610-க்குப் போனது, 470-க்கு இறங்கியது, 580, 510, 555 என்று ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் 80, 80, 79, 80. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டு ஒன்பது நொடி ஆனது அடங்க.

541.2.

"இப்பத்தான் தம்பி ஆடுது" என்றார்.